கழுவியும் போகாத கறுப்பு

ஆரணியில் ஜெயவேலின் கண்ணை யாரும் சந்தேகித்ததில்லை. பட்டு நூலுக்குச் சாயம் போடுபவர். அரக்குச் சிவப்பில் பதினோரு வகை உண்டு என்பார். அவர் காட்டும்போது நமக்கும் பதினொன்று தெரியும், அவர் போனதும் ஒன்றாகிவிடும். அப்பேர்ப்பட்ட கண், தன் முகம் ஒரு வருடமாகக் கறுத்துவருவதைக் கவனிக்கவில்லை.

கவனித்தவர்களாலும் பயனில்லை. உள்ளங்கை ரேகைகள் மையால் கோடு கிழித்ததுபோல் இருந்தன. சாயக்காரர் கை வேறெப்படி இருக்கும்? மனைவி கலையரசி எலுமிச்சந்தோலால் தேய்த்துப் பார்த்தாள். மஞ்சள் போயிற்று, கறுப்பு போகவில்லை. "நல்ல சரக்கு" என்று இருவரும் சாயத்தை மெச்சினார்கள். மாதம் முழுக்க அவர் போட்டது மஞ்சள் மட்டுமே என்பது இருவருக்கும் உறைக்கவில்லை.

கூடவே உப்பு ஆசை. ஊறுகாயைப் பொரியல்போல் தின்றார். எழுந்தால் தலை சுற்றியது. உடம்பும் இளைத்துவந்தது. உப்பு தின்றால் பிரஷர் ஏறும் என்பது, சேத்துப்பட்டு வரைக்கும் பரவியிருந்த சொந்தக்காரர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம். கலையரசி உப்பு ஜாடியை பீரோவில் வைத்துப் பூட்டினாள். அவர் இன்னும் மெலிந்தார்.

மகள் ராதிகாவின் கல்யாணத்துக்கு ஐந்து மாதம் இருந்தது. அவளுடைய முகூர்த்தப் புடவைக்குத் தன் கையால்தான் சாயம் என்று அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே சொல்லிவைத்திருந்தார். கொதிக்கும் அண்டா முன்னால் நூலைப் புரட்டியபடி இரண்டு மணி நேரம் நிற்கவேண்டும். ஒருநாள் இரண்டே நிமிடத்தில், அண்டாவுக்கு அரை அடி தள்ளி விழுந்தார்.

டாக்டர் சுபலட்சுமி கையைப் பார்த்ததும், "கழுவிட்டு வாங்க" என்றார். வந்தார். மறுபடியும் அனுப்பினார்.

"சோப்புதான் தீரும் மேடம். சாயம் இது, போவாது."

"வாயைத் திறங்க." ஈறெல்லாம் கறுப்புத் திட்டு. "வாய்க்குள்ளயுமா சாயம் போடறீங்க?"

கலையரசி எட்டிப் பார்த்தாள். "எனக்குத் தெரியாம இன்னாத்த தின்னுகினு இருந்தீங்க?"

"எங்க தின்றது? அதான் பூட்டிட்டியே!"

பிரஷர், நூற்றிருபது இருக்கவேண்டிய இடத்தில் எண்பதுதான் இருந்தது. ரத்தப் பரிசோதனை அடிசன் நோய் என்றது. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் அட்ரினல் சுரப்பி, கார்டிசால், ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்களைச் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. அவற்றைக் கேட்டு மூளையடியிலிருந்து விடாமல் வரும் கட்டளைதான் தோலைக் கறுக்கவைக்கிறது.

"மொதலாளி கத்திகினே கீறாரு, பட்டறையில ஆள் இல்ல" என்றார் ஜெயவேல். டாக்டர் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

"உடம்புல உப்பு நிக்கல, அதான் கேட்டிருக்கு. குடுங்கம்மா" என்றார் டாக்டர்.

கலையரசி இடுப்பிலிருந்த பீரோ சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். உடம்பு சரியாகத்தான் கேட்டிருக்கிறது, அக்கறைதான் பூட்டிவைத்திருக்கிறது.

ஆயுசுக்கும் மாத்திரை, ஒருநாளும் விடக்கூடாது. மூன்றாவது வாரம் ஜெயவேல் அண்டா முன்னால் நின்றார். பக்கத்தில் ஸ்டூலும் உப்பு மோருமாகக் கலையரசி காவல். இரண்டு மணி பத்து நிமிடம். ஸ்டூலில் அவள்தான் உட்கார்ந்தாள். நூலை உதறிப் பார்த்துவிட்டு, "பன்னெண்டாவது அரக்கு" என்றார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வரைக்கும் அரக்குச் சாயத்தில் வேலை பார்த்தார். பந்தலில் சம்பந்தி கன்னியம்மா, "இன்னிக்காவது கைய கழுவக் கூடாதா அண்ணா?" என்று கேட்டாள்.

கலையரசி அவர் கையை இழுத்து விரித்துக் காட்டினாள். "நல்லா பாருங்க அண்ணி. வெறும் சேப்பு!"