ராணிக்கு ஈயக்கட்டி

நேற்று பேத்தி சூடான மெஷினை வைத்துத் தலைமுடியை நேராக்கும்போது கொஞ்சம் கருகிவிட்டது. அந்த வாசனையில், தென்னூரில் இன்று இல்லாமல் போய்விட்ட எங்கள் குதிரைக் கொட்டடியும், சூட்டோடு லாடம் வைக்கும்போது குளம்பிலிருந்து எழும் புகையும் நினைவுக்கு வந்துவிட்டன.

அத்தாவுக்குக் குதிரைவண்டிதான் பிழைப்பு. எங்கள் வெள்ளைக் குதிரை ராணி முன்கால்களைத் தூக்காமல் இழுத்து நடந்து அடிக்கடி இடறியதால், சவாரிக்கு வருகிறவர்கள் ஏறவே பயந்தார்கள். வண்டி ஸ்டாண்டில் இருந்தவர்களெல்லாம் விற்றுவிடச் சொன்னார்கள். அத்தா விற்கவில்லை. முன்கால் லாடங்களின் நுனியில் கழற்றி மாட்டும்படி ஈயக்கட்டிகளைத் திருகி, விடியற்காலையில் ஆற்றங்கரைப் பாதையில் நடத்துவார். அந்தக் கனத்தைத் தூக்குவதற்காகவே ராணி காலை உயர்த்தி எட்டி வைக்கும். திரும்பியதும் கட்டிகளைக் கழற்றிவிட்டு, குளம்பைத் துடைத்து, காலை நெடுநேரம் நீவிவிடுவார். மாதக்கணக்கில் அப்படிப் பழக்கினார்.

கட்டி இல்லாமல் வண்டி பூட்டிய முதல் நாள் ஸ்டாண்டில் யாரும் ஏறவில்லை. அங்கே வந்திருந்த அம்மா என்னைத் தூக்கி உள்ளே உட்காரவைத்துத் தானும் ஏறினாள்.

"பிள்ளையோட ஏறுறியே, இடறினா?" என்றார் அத்தா.

"இடறாது. சீரங்கத்துக்கு விடுங்க."

காவிரிப் பாலம் முழுக்க ராணி கால்களை அழகாக உயர்த்தி வைத்துப் போனது. ஒருமுறைகூட இடறவில்லை. அக்கரையில் அத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார்.

"ஸ்டாண்டு வழியாவே போங்க," என்றாள் அம்மா. "எல்லாரும் பாக்கட்டும்."