தப்புக்குக் காசு வாங்கலாமா

கல்யாணமாகி நான் வேலூரிலிருந்து பெங்களூருக்கு வந்தது 1993-இல். எங்கள் தொம்மலூர் வாடகை வீட்டின் முன்னறை அதற்கு முன்பே ஒரு கம்பெனியாகியிருந்தது. இரண்டு கம்ப்யூட்டர், கிர்ரென்று கத்தும் ஒரு பிரிண்டர், சன்னல் ஓரத்தில் டெலிபோன். என் கணவரும் அவருடைய கல்லூரி நண்பரும் சேர்ந்து, மருந்துக் கடைகள் பில் போடுவதற்கும் சரக்கு பார்ப்பதற்கும் ஒரு மென்பொருள் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். எழுதுவது என் கணவர். ஸ்கூட்டரில் கடை கடையாகப் போய் விற்பது நண்பர்.

நண்பர் ஈஜிபுராவில் பிறந்து வளர்ந்தவர். பேச்சில் பாதி கன்னடம் கலந்திருக்கும், பெங்களூர்ப் பையன்கள் மாதிரி என் கணவரைச் சில சமயம் ‘குரு’ என்பார். காலையில் வந்தால் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டு, இருட்டிய பிறகுதான் போவார். என்னை அண்ணி என்று கூப்பிடுவார். எனக்குக் கூடப் பிறந்த ஆண்கள் கிடையாது. அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது.

டெலிபோன் என் கைக்கு வந்தது தற்செயலாகத்தான். இருவரும் வெளியே போயிருந்த ஒரு மதியம், ஒரு கடைக்காரர் கூப்பிட்டு பில் அச்சாகவில்லை என்றார். பேப்பர் சிக்கியிருக்கிறதா பாருங்கள் என்றேன். சிக்கித்தான் இருந்தது. அன்றிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் மறுக்கவில்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது மணி அடிக்கும். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து எடுப்பேன். கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்பார்கள், பிளக் கழன்றிருக்கும். சரக்கு காணாமல் போய்விட்டது என்பார்கள், வேறு பெயரில் ஏற்றியிருப்பார்கள்.

நடுவில் சில சமயம் நிஜமான தப்பும் இருக்கும். திரும்பி வந்த மருந்தைக் கழித்தால் மொத்தத் தொகை மாறிப்போகும். அப்படி ஒன்று வந்தால் என் கணவர் சாப்பாட்டை மறந்துவிடுவார். கண்டுபிடித்துத் திருத்தி, பிளாப்பியில் போட்டுக் கொடுப்பார். நண்பர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மழையானாலும் கிளம்புவார். கோலார், ஓசூர் கடைகளுக்குக் கூரியரில் போகும். யாரிடமும் இதற்குக் காசு வாங்கியதில்லை.

“எங்க தப்புக்கு நீங்க ஏன் செலவு பண்ணணும்?” என்று என் கணவர் கடைக்காரர்களிடம் சொல்வார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கர்வம் இருக்கும். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

1996-இல் எனக்கு ஐந்தாம் மாதத்தில் கர்ப்பம் கலைந்தது. ஏன் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. ஒரு மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து என்னை இருவருமாக வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். என் கணவர் வழியிலேயே மருந்து வாங்க இறங்கிக்கொண்டார். நண்பர் வாசலில் ஆட்டோக்காரருக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் மணி அடித்தது. எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை, கை பழகிப்போயிருந்தது.

“என்ன மேடம், ரெண்டு நாளா யாருமே எடுக்கல? நாங்க என்ன சும்மாவா வாங்கினோம்?” என்று அந்தப் பக்கம் ஒருவர் கோபமாகக் கேட்டார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு என்ன பிரச்சினை என்று கேட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நண்பர் உள்ளே வந்து என்னைப் பார்த்தார். ரிசீவரை என் கையிலிருந்து வாங்கி வைத்தார். குனிந்து சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினார்.

“போதும் அண்ணி. போய்ப் படுங்க,” என்றார். குரல் உடைந்திருந்தது. நான் அழுததை அவர் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். அவரும் அதையேதான் நினைத்திருப்பார், முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

என் கணவருக்கு இது தெரியாது. மருந்தோடு திரும்பி வந்தவர், ஒயர் ஏன் கழன்றிருக்கிறது என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவரே மாட்டிவிட்டார்.

சில நாள் கழித்து நண்பர் பேச்சை எடுத்தார். நான் உள்ளறையில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

“வருஷத்துக்கு ஒரு கட்டணம்னு வெச்சிடலாம்டா. கட்டினவங்களுக்குப் போன்ல உதவி, பிளாப்பி, எல்லாம். அந்தக் காசுல ஒரு பொண்ண வேலைக்கு எடுத்துக்கலாம்.”

“தெரியாததக் கேட்டா காசு வாங்கு, நான் வேணாங்கல. நாம பண்ண தப்பத் திருத்த எப்படிடா காசு கேப்ப? சட்டை தெச்சவன் ஒரு கை வெக்க மறந்துட்டான்னா, அதுக்குத் தனியாக் கூலி கேப்பானா?”

“சட்டை தெச்சவனுக்குப் போன் பண்ணி, பட்டன் எப்படிப் போடறதுன்னு தெனம் யாராவது கேக்கறாங்களா குரு?”

என் கணவர் சிரித்துவிட்டார். நண்பர் சிரிக்கவில்லை.

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் போனை எடுத்தவள் நான். மணி அடிக்கும்போது அது எங்கள் தப்பா, அவர்கள் தெரியாமல் செய்ததா என்று யாருக்கும் தெரியாது. முழுக்கக் கேட்டு முடித்த பிறகுதான் தெரியும். அதற்குள் என் குழம்பு அடிப்பிடித்திருக்கும். அந்த நேரத்துக்கு யார் கட்டணம் கொடுப்பது என்பது அந்த வாதத்தில் வரவே இல்லை. நண்பர் மட்டும் அதைச் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் என் கணவர் அரைமனதோடு ஒத்துக்கொண்டார். அடுத்த வருஷம் கட்டணம் வந்தது. கொஞ்சம் கடைகள் கட்டின. மற்றவர்கள், “நம்ம ஆளுங்க நீங்களே இப்படிக் கேட்டா எப்படி?” என்றார்கள். நண்பர் ஒவ்வொரு கடையாகப் போய் நின்று, டீ குடித்து, கெஞ்சி, சேர்த்தார். ஒரு பெண் வேலைக்கு வந்தாள். டெலிபோன் அவள் மேசைக்குப் போனது. நான் மதியங்களில் தூங்கினேன். வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியும் எனக்குச் சுலபமாக இல்லை.

1998-இல்தான் அந்தத் தப்பு வெளியே வந்தது. மருந்தின் காலாவதி வருஷத்துக்கு என் கணவர் கடைசி இரண்டு எண்ணை மட்டும்தான் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். இரண்டாயிரமாம் ஆண்டு வரை நிற்கும் மருந்துகள் கடைக்கு வரத் தொடங்கியதும், எங்கள் மென்பொருள் பூஜ்யம் பூஜ்யத்தைப் பார்த்து, இது எப்போதோ காலாவதியாகிவிட்டது என்று பில் போட மறுத்தது.

என் கணவர் ராப்பகலாக உட்கார்ந்து திருத்தினார். கட்டணம் கட்டியவர்களுக்கு உடனே பிளாப்பி போனது. “மத்தவங்க இப்பவாவது கட்டட்டும். கட்டினதும் குடுப்போம்,” என்றார் நண்பர். என் கணவர் அடுத்த பிளாப்பியை நகல் எடுக்கப் போட்டார்.

பிரேசர் டவுனிலிருந்து ஒரு கடைக்காரர் நேரில் வந்தார். ஆம்பூர்ப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம், அறுபதைத் தாண்டியவர். எங்களிடம் முதன்முதலில் வாங்கியவர்களில் ஒருவர். நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். கட்டணம் கட்டாதவர். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

“தம்பி, இது நேத்து வந்த சரக்கு. இன்னும் ரெண்டு வருஷம் நிக்கும். உங்க பொட்டி செத்த மருந்துன்னு சொல்லுது. கஸ்டமர் கவுண்டர் மேல எட்டிப் பாக்கறாரு, என்னா பாய், பழைய மாத்திரைய விக்கறீங்களான்னு கேக்கறாரு. முப்பது வருஷமா கடை வெச்சிருக்கேன் நானு.”

என் கணவர் எழுந்து நின்றார். பிளாப்பியை எடுத்துக் கொடுத்தார்.

“இதுக்கு எவ்ளோ தரணும்?”

“தப்பு என்னோடது பாய். உங்ககிட்ட எப்படி வாங்குவேன்?”

பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு துவா சொன்னார். நண்பர் அப்போது வீட்டில் இல்லை.

பாய் நல்ல மனிதர். தனக்குக் கிடைத்ததைப் பக்கத்துக் கடைக்காரருக்கும் நகல் எடுத்துக் கொடுத்தார். அவர் இன்னொருவருக்குக் கொடுத்தார். கொஞ்ச நாளில் கட்டணம் கட்டாத கடைகளிலெல்லாம் பூஜ்யம் பூஜ்யம் சரியாக வேலை செய்தது. அதன் பிறகு, கட்டணம் கட்டியிருந்தவர்கள் நண்பரைப் பிடித்துக்கொண்டார்கள். அல்சூரில் ஒரு கடையில், வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, “எங்கள மட்டும் ஏமாத்திக் காசு வாங்கினியா?” என்று கேட்டு, வாசலைக் காட்டியிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் நண்பர் செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

“நீ குடுத்தியா?”

“குடுத்தேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? எத்தன கடையில கெஞ்சி வாங்கினேன்டா. அவங்க முன்னாடி என்னத் திருடனாக்கிட்ட.”

“அவங்க காசத் திருப்பிக் குடுத்துடலாம்.”

“எதுலேர்ந்து குடுப்ப? இந்தப் பொண்ணு சம்பளத்துலேர்ந்தா? நீ நல்லவன், ஒத்துக்கறேன். உன் நல்ல பேருக்கு மத்தவங்கதான்டா உழைக்கறாங்க.”

நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நண்பர் என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்து, “இதையெல்லாம் நான் யாருக்காகக் கேட்டேன்னு உனக்குத் தெரியுமா?” என்றார்.

“யாருக்காக?”

நண்பர் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் ஒயரைப் பிடுங்கிய அந்த மதியத்தைப் பற்றி வாயைத் திறந்தால், அந்தக் குழந்தையைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும். நானும் என் கணவரும் அதைப் பற்றி அதுவரை ஒரு தடவைகூடப் பேசியதில்லை. நண்பர் “ஆயித்து, விடு,” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். ஸ்கூட்டர் உடனே கிளம்பவில்லை, இரண்டு மூன்று தடவை உதைத்தார். என் கணவர் எழுந்து போய் நிறுத்துவார் என்று நினைத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.

அந்த வருஷம் யாரும் கட்டணத்தைப் புதுப்பிக்கவில்லை. போன் எடுத்த பெண்ணை நிறுத்த வேண்டியதாயிற்று. போகும்போது அவள் எனக்குக் குங்குமச் சிமிழ் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். டெலிபோன் மறுபடி என்னிடம் வந்தது. சில மாதத்தில் கம்பெனியையே மூடினோம். அந்தக் காகிதங்களில் கையெழுத்துப் போடக்கூட நண்பர் வீட்டுக்கு வரவில்லை, ஆடிட்டர் ஆபீசில் வைத்துப் போட்டுவிட்டுப் போனார்.

என் கணவருக்கு ஒரு பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது. வெளிநாட்டு வங்கிகளின் பழைய மென்பொருள்களில் இதே இரண்டு எண்ணைத் தேடிப் பிடித்து நான்கு எண்ணாக்கும் வேலை. யாரோ எப்போதோ எழுதிய தப்பைத் திருத்துவதற்கு நல்ல சம்பளம் கொடுத்தார்கள். “இங்க யாரும் இது யார் தப்புன்னே கேக்கறதில்ல,” என்றார் ஒரு நாள். அது சந்தோஷமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பழைய கடைகளுக்குப் போய், சும்மாவே பார்த்துக் கொடுத்துவிட்டு வருவார்.

அப்படி ஒரு ஞாயிறு நானும் கூடப் போயிருந்தேன். பிரேசர் டவுன் பாய் எங்களுக்கு டீ வரவழைத்தார்.

“போன மாசம் உங்க பார்ட்னர் கல்யாணத்துல உங்களக் காணோமே? ஊருக்குப் போயிருந்தீங்களா?” என்றார்.

என் கணவர் கீபோர்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

“ஆமா பாய், ஊருக்குப் போயிருந்தோம்,” என்றேன் நான்.

“பிரியாணி ஏ-ஒன்,” என்றார் பாய். நல்ல கூட்டம் என்றார். பொண்ணு கோலார் தங்கவயல் பக்கம் என்றார். நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். நண்பருக்குப் பெண் பார்க்க வேண்டும் என்று வேலூரில் இருக்கும் என் சித்தியிடம் நான் எவ்வளவோ தடவை சொல்லி வைத்திருந்தேன்.

சில வருஷம் கழித்து பாயும் எங்களை விட்டார். துபாயிலிருந்து திரும்பிய மகன் வேறு கம்பெனியின் மென்பொருளை வாங்கிவிட்டான். வருஷா வருஷம் கட்டணம். “போன் பண்ணா ஒரு மணி நேரத்துல ஆள் வந்து நிக்குது தம்பி,” என்று பாய் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். “நல்லதுதான் பாய்,” என்றார் என் கணவர். நாங்கள் எழுதிய மென்பொருள் ஓடிய கடைசிக் கடை அதுதான்.

2005 வாக்கில் நண்பருடைய அம்மா இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம். காரியமெல்லாம் முடிந்திருந்தது. போகலாமா என்று நான் கேட்பதற்குள் என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஈஜிபுரா வீட்டில் நண்பருடைய மனைவிதான் கதவைத் திறந்தாள். மரியாதையாக உட்காரச் சொல்லி, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“நீங்க அவரு ஆபீஸ்ல கூட வேலை செய்யறவங்களா?” என்று கேட்டாள்.

“முன்னாடி ஒண்ணா வேலை செஞ்சோம்மா,” என்றார் என் கணவர்.

எங்களைப் பற்றி நண்பர் அவளிடம் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. தம்ளரைக் குடிக்காமல் கீழே வைத்தேன்.

நண்பர் மொட்டைத் தலையோடு உள்ளிருந்து வந்தார். இளைத்திருந்தார். என் கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பற்றி விசாரித்தார். பிறகு வேலையைப் பற்றிப் பேச்சு வந்தது. அமெரிக்கக் கம்பெனி ஒன்றில் போன் உதவிப் பிரிவுக்கு மேலாளராக இருப்பதாகச் சொன்னார்.

“பேசறதுக்கு முன்னாடி ஒப்பந்த நம்பர் கேக்கணும். நம்பர் இல்லன்னா ஸாரின்னு சொல்லி வெச்சிடணும். பசங்க சில பேருக்கு அது முடியறதில்ல. அவங்களக் கூப்பிட்டுத் திட்டறதுதான் என் வேலை,” என்றார்.

“அன்னிக்கு நீ சொன்னது சரிதான்டா,” என்றார் என் கணவர் திடீரென்று.

நண்பர் அவரையே பார்த்தார். “அதெல்லாம் இப்ப எதுக்கு,” என்றார். பிறகு இருவரும் தொம்மலூரில் கட்டும் மேம்பாலத்தைப் பற்றிப் பேசினார்கள்.

கிளம்பும்போது கேட் வரை வந்தார். என் கணவர் வண்டியைத் திருப்பப் போனார். நண்பர் என்னிடம் மெதுவாக, “ஒடம்பு எப்படி இருக்கு அண்ணி?” என்று கேட்டார். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய உடம்பைப் பற்றித்தான் கேட்கிறார் என்று புரிந்தது. அதைப் பற்றி என்னிடம் அப்படிக் கேட்டவர் வேறு யாரும் இல்லை.

“நல்லா இருக்கேன்,” என்றேன். குழந்தை உண்டா என்று அவர் கேட்கவில்லை. இல்லை என்று நானும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி கூப்பிட்டாள். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தியதும் என் கணவர், “அவன் அன்னிக்கு யாருக்காகக் கேட்டான்?” என்றார்.

படிக்கட்டில் உட்கார்ந்து, அந்த மதியம் நடந்ததை முதல் தடவையாக அவரிடம் சொன்னேன்.