வீட்டை மறைத்துச் செய்த ஜெபம்

2021 இல், சுவிஸில் நாங்கள் வாடகைக்கு இருந்த கட்டடத்தை இடிக்கப்போவதாகக் கடிதம் வந்தது. ஆறு மாதத்தில் வெளியேற வேண்டும். மூன்று பிள்ளைகள் என்றதும் வீட்டு உரிமையாளர் எவரும் திரும்பி அழைக்கவில்லை. நான் நம்பிக்கை இழந்தேன்.

லுசேர்ணுக்கு வெளியே ஒரு வீடு விலைக்கு வந்தது. விளம்பரத்தில் இருந்தது விலையல்ல, தொடக்கமாம். அதற்கு மேலே எவ்வளவு தருவோம் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். கொடுத்தோம். இன்னொரு குடும்பம் கூடக் கேட்டிருக்கிறது, செவ்வாய்க்குள் உயர்த்துங்கள் என்றார் தரகர்.

அந்தக் குடும்பம் தரகரின் கற்பனை என்று முதலில் சந்தேகித்தேன். பிறகு, எங்கள் சபை ஜெயசீலன் அண்ணையை அந்த வீட்டருகே பஸ் தரிப்பில் கண்டது நினைவுக்கு வந்தது. அந்தக் குடும்பம் அவருடையதோ?

வெள்ளி ஜெபக்கூட்டத்தில், "ஆண்டவருக்குத் தெரிந்த ஒரு காரியம்" என்று மட்டும் சொன்னேன். தெருப்பெயர் சொன்னால் பத்துப்பேர் வீடு பார்க்கப் போவார்கள். அண்ணையும் எழுந்து, தனக்கும் ஒரு காரியம் உண்டு, விபரம் வேண்டாம் என்றார். அவருக்காக என்னை ஜெபிக்கச் சொன்னார் போதகர். "அண்ணைக்கு ஏற்ற இடத்தில் ஏற்றதைக் கொடும்" என்று வழக்கறிஞரைப்போல வார்த்தை பார்த்து ஜெபித்தேன். ஏற்ற இடம் நாட்டின் மறுகோடியிலுள்ள ஜெனீவா என்பது என் மனதில் இருந்தது.

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்: "நீங்கள் ஜெபிச்சனீங்களோ, ஏலம் கேட்டனீங்களோ?"

மறுநாள் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்து, அந்தப் பக்கம் வீடு பார்க்கிறாரோ என்று சுற்றிவளைத்துக் கேட்டேன்.

"வீடோ? அங்க டொக்டரிட்டப் போனனாங்கள் தம்பி. ராணிக்கு மார்பில கட்டி. செவ்வாய்தான் முடிவு."

அன்று அண்ணையின் மனைவி ராணி அக்காவின் பெயரைச் சொல்லி அழுது ஜெபித்தேன். வீட்டைப்பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை. வங்கி மேலே தராது என்பதால், எங்களால் உயர்த்த முடியாது என்று தரகருக்கு எழுதினேன்.

செவ்வாய், கட்டி புற்றுநோயல்ல என்று தெரிந்தது. புதன், மற்றக் குடும்பத்துக்கு வங்கி சம்மதிக்கவில்லை, வீடு எங்களுக்கு என்றார் தரகர். அப்படியொரு குடும்பம் இருந்ததோ என்று இன்றும் எனக்குச் சந்தேகம். ஆண்டவர்மேல் அல்ல, தரகர்மேல்.

வீடு மாறிய அன்று, அலுமாரியின் மறுமுனையைத் தூக்கியவர் ஜெயசீலன் அண்ணை. படியில் வைத்தே அவரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"நானும் உங்களை நம்பேல்லைத் தம்பி," என்றார். "சொன்னா ஊர் முழுக்கக் கதைப்பியள் எண்டுதான் விபரம் வேண்டாமெண்டனான்."

ஆண்டவருக்கு நன்றி. இப்போது நான் விபரத்தோடு கேட்கிறேன். நீங்களும் நம்பிக் கேளுங்கள், சத்தமாகவே. பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கட்டும்.