துண்டால் மூடிய தட்டு

முதலாண்டு மாணவர்களுக்கு உளவியல் நடத்திச் சம்பளம் வாங்கியவன் நான். முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதிப் போடுவேன்: ஒரு சம்பவம் சான்று ஆகாது. எழுதிவிட்டுத் திரும்பி நிற்கும்போது எனக்கு இருந்த மிடுக்கை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. வாக்கியத்தில் தவறில்லை. எதிரில் இருப்பவர் வாயை அடைப்பதற்கென்றே அதை நான் வைத்திருந்தேன். ஓய்வுபெற்ற பிறகு அப்படி வாயடைக்கக் கிடைத்தவள் என் மனைவி.

போன கோடையில் ஒரு நாள் காலை அவள் பெரிய மார்க்கெட்டுக்குப் போனாள். எதிர்வீட்டுக்காரம்மா அவளை ஆட்டோவில் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்.

“இன்னா சார், மீன் கடைக்கு முன்னாடியே நின்னுகிட்டு மீன் கடை எங்கன்னு கேக்குறாங்க. வீடு எந்தப் பக்கம்னா தெரியலன்றாங்க. டாக்டராண்ட காட்டுங்க.”

“அங்க ஒரே இரைச்சல். யாருக்கும் தலை சுத்தும். ஒரு தடவ நடந்தத வெச்சு முடிவு பண்ணக் கூடாதும்மா.”

“நான் எங்க சார் முடிவு பண்ணேன்? ஆட்டோ புடிச்சி இட்டாந்தேன், அவ்ளோதான்.”

அவர் போனதும், விஷயம் தெரியாத ஜனங்கள் என்று முணுமுணுத்தேன். விஷயம் தெரிந்த நான் முறைப்படி சோதிக்கத் தொடங்கினேன்.

கல்லூரி ஆய்வகத்தில் நினைவாற்றலுக்காகச் செய்யும் சாதாரணச் சோதனைதான். ஒரு தட்டில் எலுமிச்சம்பழம், சாவி, சீப்பு, தீப்பெட்டி, ஊக்கு, கரண்டி. கொஞ்ச நேரம் பார்க்கச் சொல்லித் துண்டால் மூடிவிடுவேன். என்னென்ன இருந்தன என்று அவள் சொல்ல வேண்டும். தினமும் காலைக் காபி முடிந்ததும் இது நடக்கும். ஆரம்பத்தில் சாவியும் சீப்பும்தான் வந்தன. நான் உச்சுக் கொட்டுவேன். அவள் முந்தானையைத் திருகிக்கொண்டு, “நாளைக்கு சொல்லிடறேங்க” என்பாள். நாளாக ஆக ஆறையும் சொன்னாள்.

சென்னையில் இருக்கும் மகளிடம் போனில் பெருமையடித்தேன்.

“அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. நான் டெஸ்ட் பண்ணிட்டேன்.”

“ஒரே கேள்வியவே திரும்பத் திரும்பக் கேக்குறாங்கப்பா. டாக்டர்கிட்ட போயிடலாம்.”

“நீ சொல்றது அபிப்பிராயம். என்கிட்ட இருக்கிறது ரிசல்ட்.”

பொங்கலுக்கு வந்தவள் தட்டைப் பார்த்தாள்.

“தினம் இதே சாமான்தானா?”

“சோதனையில எதுவும் மாறக் கூடாது.”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அதில் தக்காளி, பேனா, என் மூக்குக்கண்ணாடி, இன்னும் ஏதேதோ இருந்தன. அம்மாவிடம் காட்டிவிட்டுத் துண்டால் மூடினாள்.

என் மனைவி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “எலுமிச்சம்பழம், சாவி, சீப்பு, தீப்பெட்டி, ஊக்கு, கரண்டி.” ஒன்றும் பிசகவில்லை. “கரெக்டாங்க?”

“சொல்லுங்க சார்,” என்றாள் மகள். “பாஸா, ஃபெயிலா?”

ஒரே சோதனையைத் திரும்பத் திரும்ப வைத்தால் மதிப்பெண் தானாக ஏறும், அது வெறும் பழக்கம். முதலாண்டுப் பாடம்தான், நானே நடத்தியது. ஒரு மாணவன் இந்தத் தப்பைச் செய்துகொண்டு வந்திருந்தால் வகுப்பே சிரிக்கும்படி அவனைக் கிழித்திருப்பேன். இவளோ என் உச்சுக்குப் பயந்து அந்த ஆறு பெயர்களை உருப்போட்டிருக்கிறாள். சமையலறையில் அவள் முணுமுணுப்பது என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஏதோ சுலோகம் என்று நினைத்தேன். மனித மனத்தைப் படித்த மேதை!

மறுவாரம் டாக்டர் அவளைப் பரிசோதித்துவிட்டு, மறதி நோய் என்றார். குணமாக்க முடியாது, முன்பே வந்திருந்தால் கொஞ்சம் தள்ளிப்போட்டிருக்கலாம் என்றார். பிறகு கேட்டார்:

“எப்பத்திலேர்ந்து இப்படி இருக்காங்க?”

மகள் என் பக்கம் திரும்பினாள். பதிலை எனக்கென்றே விட்டுவைத்திருந்தாள். பக்கத்தில் என் மனைவி, தன்னிடம்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, “எலுமிச்சம்பழம்” என்று ஆரம்பித்தாள். அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, மார்க்கெட்டில் நடந்த அந்த ஒரு சம்பவத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன்.