ஷெரிலுக்குத் தமிழ் வரும்

இன்று கொரட்டூரில் ஒரு அடுக்குமாடியின் கீழே இருந்த பேக்கரியைக் கடக்கையில் வெண்ணெயும் வெனிலாவும் கலந்த வாசனை வந்தது. அந்த இடத்தில்தான் என் பள்ளித்தோழி ஷெரிலின் ஓட்டுவீடு இருந்தது. ரயில் எஞ்சின் டிரைவரான அவள் அப்பா ஆங்கிலோ-இந்தியர், அம்மா ஏரிக்கரை விவசாயக் குடும்பத்துப் பெண். மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் வைத்த தகர ஓவனில் கேக் உப்பிக்கொண்டிருக்கும்போது அப்பாவிடம் ஆங்கிலத்திலும், அம்மாவிடம் "இன்னாம்மா, இன்னும் வேவலியா?" என்றும் ஒரே மூச்சில் பேசுவாள். தெருவில் சண்டை வந்தால் எனக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள்.

அவள் நடிகையானபோது நான் டப்பிங் பேசிக்கொண்டிருந்தேன். அவளுடைய முதல் படத்துக்கே அவளுக்குக் குரல் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

"பார்த்தாலே தெரியுதே, அந்தப் பொண்ணுக்குத் தமிழ் வராது" என்றார் இயக்குநர்.

வரும் சார், என்னைவிட நன்றாகவே வரும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்த வாய்ப்பு வேண்டியிருந்தது. தலையாட்டிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அடுத்த மூன்று படங்களிலும் அவள் வாயசைக்க நானே பேசினேன்.

பிறகு ஒருநாள் அவளே போன் செய்தாள். "நல்லா பேசிகீறடி. எனக்குத் தமிழ் வரும்னு அந்த மொத பட டைரக்டராண்ட எத்தினி வாட்டி சொன்னேன் தெரியுமா? கூட ஒருத்தர் சொல்லியிருந்தா நம்பியிருப்பாரு."

"ஆமாண்டி" என்றேன்.