போர் விமானத்துக்குப் பொட்டு

ஆந்திர எல்லையோர நகரியில் தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து ஒருத்தி போர் விமானம் கட்டினாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் கட்டினாள். பிரமிளா என்று பெயர். வீட்டோடு இரண்டு விசைத்தறி, அதை ஓட்டுகிற புருஷன் வெங்கட், மதியச் சோற்றுக்குப் பிறகு கிடைக்கிற கொஞ்சம் ஓய்வு, இவ்வளவுதான் அவள் சொத்து.

முதல் உலகப் போரில் பத்து எதிரி விமானங்களை வீழ்த்திவிட்டு, இருபது வயதுகூட நிறையாமல் செத்துப்போன வங்காளத்து இந்திரலால் ராயைப் பற்றி ஒருநாள் செல்போனில் படித்தாள். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். அவர் ஓட்டிய இரட்டை இறக்கை விமானத்தின் மாடலைப் பெட்டியோடு வரவழைத்தாள். கடுகளவு பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, பழுப்பும் பச்சையும் கலந்த பெயின்ட் அடித்தாள். மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே கம்பி இழுக்கணும், பெட்டியில் கம்பி இல்லை. அதனாலென்ன? பட்டு நூலை ஒற்றை இழையாகப் பிரித்து, பிசின் தடவி, விறைப்பாக இழுத்துக் கட்டினாள். அறுந்த இழையை முடிச்சுத் தெரியாமல் பிணைத்தே பழகிய கை, சும்மா இருக்குமா?

வெங்கட் தங்கமானவன்தான், ஆனால் வாய் இருக்கிறதே! "எங்கூட்டுல பொம்மக்கடை வெச்சிக்கினு கீறா" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் பிரமிளாவுக்குச் சுருக்கென்றிருக்கும். திருப்பதியில் மாடல் கண்காட்சி, போட்டியும் உண்டு என்று தெரிந்ததும் பேரைக் கொடுத்துவிட்டாள். பரிசுகூட வேண்டாம். இது விளையாட்டில்லை, வேலை என்று அந்த மனுஷன் ஒரு தடவையாவது ஒப்புக்கொள்ளணும், அதுதான் அவளுக்கு.

கண்காட்சிக்கு முதல் நாள் ஆயுத பூஜை. அக்கம்பக்கத்துக்குப் பொரியும் சுண்டலும் கொடுத்துவிட்டு அவள் திரும்பினால், தறிகள் பூப்போட்டு ஜம்மென்று நின்றன. மோட்டார், ஸ்கூட்டி, கத்தரிக்கோல் எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். வரிசையின் கடைசியில் அவள் விமானம். அதன் மூக்கிலும் எட்டணாக் காசு அளவுக்குக் குங்குமப் பொட்டு!

"ஐயையோ! இன்னாங்க பண்ணி வெச்சிகீறீங்க? காஞ்சிப்போனா கறை போவாதே! போட்டியில, படத்துல கீற மாதிரியே இருக்கணும்னு சொல்லிகீறாங்க, நாளிக்கு எப்படி எடுத்துக்கினு போவேன்?"

பஞ்சை எடுத்து ஸ்பிரிட்டில் நனைத்தாள். வெங்கட் கையில் குங்குமக் கிண்ணத்தோடு முழித்தான்.

"இன்னாத்துக்கு மே கத்துற? தொயில் பண்ற சாமானுக்கெல்லாம் வெச்சேன். தறிக்கு வெச்சிட்டு உன்னுத மட்டும் வுட்டா நல்லாவா கீது?"

"பொம்மை, பொம்மைன்னு சொல்லிக்கினு இருந்தீங்களே?"

"பொம்மைக்கு எவனாச்சும் பொட்டு வெப்பானா மே?"

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பிரமிளாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணியும் வந்தது. பஞ்சைக் கீழே போட்டாள். குங்குமம் காயட்டும் என்று ஃபேனையும் போட்டுவிட்டாள்.

மறுநாள் திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில், நடுவர் கோவர்த்தனன் குனிந்து குனிந்து பார்த்தார்.

"கம்பி இழுத்திருக்கிறது பிரமாதம்மா. ஆனா இந்தச் சிவப்புப் புள்ளி நிஜ விமானத்துல கிடையாதே? மார்க் குறையுமே."

"குறைச்சிக்குங்க சார்" என்றாள் பிரமிளா, வாயெல்லாம் பல்லாக.

குறைத்துக்கொண்டார். பரிசு வேறு யாருக்கோ போயிற்று. யாருக்கென்றுகூட அவள் கவனிக்கவில்லை. மேசையைச் சுற்றி நின்ற கூட்டத்திடம் வெங்கட் தெலுங்கும் தமிழுமாக முழங்கிக்கொண்டிருந்தான்.

"தொடாதீங்க, தள்ளி நின்னு பாருங்க! மா ஆவிட சேசிந்தி. என் பொண்டாட்டி வேலைங்க இது!"