ஐந்தாம் எண் வீட்டில் பதில் சொன்னவள்

அன்று அங்கே இருந்தவர்கள் நான்கு பேர். ஆம்ப்ரோஸ் டர்ப்பி ஆகிய நான். என் மனைவி மேய்சி. அவள் தம்பி எல்ஜின். பழங்குடிகளான எங்கள் ஆட்களின் வீடுகளையும் உடல்நலத்தையும் ஆராய நகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த ஜோனல். நால்வரும் உயிரோடு இருக்கிறோம். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஐந்தாவதாக ஒருத்தி இருந்தாள். என் தங்கை. அவள் பெயரை எழுத மாட்டேன். இறந்தவர் பெயரை நாங்கள் உச்சரிப்பதில்லை.

இருட்டில் நடந்த கதையும் இல்லை இது. பிப்ரவரி மாதம், பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். ஆஸ்திரேலியாவின் நடுவில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்திலிருந்து மூன்று மணி நேரம் தள்ளி எங்கள் ஊர். தகரக் கூரை வெயிலில் டப், டப் என்று விரியும் நேரம்.

தங்கை மார்புச் சளியில் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கிளினிக்கில் மருந்து கொடுப்பார்கள். தேறுவாள். அதே பின்னறைக்குத் திரும்புவாள். மறுபடி இருமுவாள். அவள் போனதும், அவள் குடியிருந்த ஐந்தாம் எண் வீட்டை முறைப்படி காலி செய்தோம். பச்சை இலையைக் கொளுத்தி ஒவ்வோர் அறைக்கும் நானே புகை காட்டினேன். அவள் காலடித் தடம் தெரியாதபடி தரையைப் பெருக்கினேன். பின்கதவை ஆணி அடித்து மூடினேன். தண்ணீரையும் நிறுத்திவிட்டார்கள்.

பிறகு வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பின்னறை நாற்றத்துக்கும் சுவரில் படர்ந்த கறுப்புப் பூஞ்சைக்கும் குடியிருந்தவரின் அசுத்தப் பழக்கமே காரணமாம். ஜோனலுக்கும் அதில் ஒரு நகல் போயிருந்தது. அப்படியே விட்டால் அந்த வாக்கியம் அவளுடைய ஆராய்ச்சியிலும் ஏறிவிடும். என் தங்கை முற்றத்தை ஒரு நாளைக்கு இரண்டு முறை பெருக்குகிறவள். டர்ப்பி குடும்பத்தின் மேல் அந்தச் சொல் நிற்கக் கூடாது. ஜோனலுக்கு வீட்டை நேரில் காட்டத்தான் சாவியை எடுத்துக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அப்பியது. வெறும் பூட்டிய வீட்டு வாடை அல்ல. மலமும் அழுகிய ஈரமும் கலந்த நாற்றம். நாக்கில் ஒட்டியது. ஐந்து மாதமாக யாரும் இல்லாத வீட்டில், பின்னறைத் தரையின் விரிசல்கள் பழுப்பாகக் கசிந்துகொண்டிருந்தன. ஈக்கள் அங்கேயே மொய்த்தன.

"மச்சான், அந்த ஆபீஸ்காரன் ஒரு ராத்திரி இங்க படுத்துட்டுக் கடுதாசி எழுதியிருக்கணும்," என்றான் எல்ஜின்.

"வாயை மூடுடா, ஈ பூந்துரும்," என்றாள் மேய்சி.

நாங்கள் மூவரும் வாசலிலேயே நின்றோம். புகை காட்டி மூடிய பிறகு துக்க வீட்டுக்குள் நாங்கள் கால் வைக்கக் கூடாது. ஜோனல் மட்டும் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, கேள்வித்தாளோடு பின்னறைக்குப் போனாள்.

2.14. உள்ளே இருமல் சத்தம். மூன்று முறை. ஒரு இடைவெளி. பிறகு ஒன்று...

மேய்சியின் நகம் என் கையில் பதிந்தது. அந்த இருமலைப் பதினொரு வருடம் கேட்டவள் அவள்.

"அந்தப் பொண்ணுக்குத் தூசி ஒத்துக்கல போல," என்றான் எல்ஜின்.

பிறகு ஜோனலின் குரல். கேள்வி கேட்டாள். நிறுத்தினாள். பென்சில் கீறியது. அடுத்த கேள்வி. நிறுத்தினாள். பென்சில்.

பதில் எதுவும் எங்களுக்குக் கேட்கவில்லை.

குழாய் திறந்தது. தண்ணீர் கொட்டியது...

தண்ணீர் இல்லாத வீட்டில்.

2.31. ஜோனல் வெளியே வந்தாள். "ஐயா, அந்தம்மா ரொம்பத் தெளிவா பேசினாங்க. உங்க சொந்தமா? பின்பக்கமா வந்தாங்க போல."

"பின்கதவு ஆணி அடிச்சது," என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தாள்.

எட்டிப் பார்த்தேன். ஐந்து மாதத் தூசி. அதில் ஜோனலின் பூட்ஸ் தடம் மட்டும்.

அவள் நீட்டிய கடைசித் தாளை வாங்கினேன். 'கழிவுநீர் எங்கே போகிறது?' கீழே ஜோனலின் கையெழுத்து: 'எங்கேயும் போகவில்லை. என் கட்டிலுக்கு அடியில், மூன்று முழம் ஆழத்தில் குழாய் முடிகிறது.'

'எப்படித் தெரியும்?'

'இங்கிருந்து தெரிகிறது.'

வியாழக்கிழமை, வழக்கத்தை மீறி, நானும் எல்ஜினும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு, கட்டில் கிடந்த இடத்தில் தரையை உடைத்தோம். சரியாக மூன்று முழம். குழாய் அங்கே முடிந்தது. ஊர்ச் சாக்கடையோடு அதை யாரும் இணைக்கவே இல்லை. வீடு கட்டிய நாள் முதல் பதினொரு வருட மலமும் சோப்புத் தண்ணீரும் அவள் தலைக்கு நேர் கீழே தேங்கியிருந்தன. புழுக்கள் பொங்கி வந்தன. எல்ஜின் வாந்தி எடுத்தான். நானும் எடுத்தேன். ஜோனல் படம் பிடித்துக்கொண்டாள்.

அன்று மாலைதான் ஜோனல் முதல் தாளின் முதல் வரியைக் காட்டினாள். அதை எழுதியபோது அவள் எங்கள் ஊருக்கு வந்து இரண்டே நாள். எங்கள் வழக்கம் எதையும் யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

'பெயர்?'

'இனிமேல் சொல்லக் கூடாது.'

என் தங்கை வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளாமல் செத்தாள் என்று கடை வாசலில் இன்னும் பேசுகிறார்களாம். பொய். அவள் சுத்தமாகத்தான் வைத்திருந்தாள். வீடு கட்டியவர்கள்தான் குழாயை இணைக்கவில்லை.